என் முட்டி நுழைகிற அடுப்பு மேடை

பாசமுள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எழுதத் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் இனி அதை எப்படிக் கேட்பது? அதனால் இங்கே நடக்கிற சேதியையே முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்களுக்கு முதல் வருஷத் தெவசம். படையலில் வைத்த சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம் எல்லாம் நான் சமைத்தது. ஹாலில் உட்கார்ந்து பக்குவம் சொன்னதை இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் குவார்ட்டர்ஸின் சமையலறைக்குள் போய், அடுப்புக்கு நேரே உட்கார்ந்து, நானே சமைத்தேன்.

நீங்கள் இருந்தவரை அந்த அறையின் வாசலைத் தாண்டி என் சக்கர நாற்காலி போனதே இல்லை. உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் போய்வந்த வேன் கவிழ்ந்ததில் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்தே தேய்ந்து, ஒரு தை மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது நானும், நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணனும். அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் வேலை பர்மனென்ட் என்றதும் முகம் மலரும். கூடவே நடக்க முடியாத ஒரு தங்கை என்றதும் பேச்சு அடங்கிவிடும். என்னை மறைத்து வைத்துக் கல்யாணம் செய்துகொள்ள அண்ணனுக்கு மனம் வரவில்லை. உங்களைப் பார்க்க வந்தபோது என்னையும் காரில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

நீங்கள் காபித் தட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என் நாற்காலியைப் பார்த்தீர்கள். "இது உங்க வூட்டுல எல்லா ரூமுக்கும் போவுதா?" என்று கேட்டீர்கள். சமையலறைக்கு மட்டும் போகாது, கதவு குறுகல் என்றேன்.

"அப்ப நான் சமையல வெளிய எடுத்தாந்துடறேன்" என்றீர்கள்.

உங்கள் அப்பா சங்கடமாகச் சிரித்தார். பேச்சுக்குச் சொன்னது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நீங்கள் வந்த வாரத்திலிருந்தே காய் நறுக்குவது, பருப்பில் கல் பார்ப்பது, மாவு பிசைவது எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. யாராவது உங்கள் குழம்பைப் புகழ்ந்தால் "நாங்க ரெண்டு பேரும் வெச்சது" என்பீர்கள். எத்தனை வீட்டில் ஓர் அண்ணி நாத்தனாரைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பாள்?

பிறகு உங்களுக்கு வந்த அந்தக் காய்ச்சல். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அண்ணன் மட்டும் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்ற அந்தக் காலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்கள் மகள் யாழினி அப்போது எட்டாம் வகுப்பு.

அதன் பிறகு வீடு எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணன் காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு சோறு வடித்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பார். மத்தியான ஷிப்ட் என்றால் ராத்திரிச் சாப்பாடு யாழினி தலையில். பள்ளி விட்டதும் கிரவுண்டில் வாலிபால் ஆடிவிட்டு வியர்வையோடு வருவாளே, அது நின்றது. நேரே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நான் ஹாலில் இருந்து உப்பு போட்டாயா, தீயைக் குறைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "போட்டாச்சி அத்தை" என்று வரும் பதிலில் பதிமூன்று வயசுக்கான குரலே இல்லை.

ஆடி முடிந்ததும் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். அண்ணனுக்கு ஒரு வரன் கொண்டு வந்திருந்தார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. நம் வீட்டைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். "எத்தினி நாளைக்கு நீயும் இந்தப் பொண்ணும் வெந்துக்கினு கெடப்பீங்க? வூட்டுல அடுப்பெரிய ஒரு பொம்பள வேணாமா?" என்றார். நான் அதே ஹாலில், அவருக்கு எதிரில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அண்ணன் என்னெதிரே வந்து உட்கார்ந்தார். "நீ என்னா நெனக்கிற அமுதா?" என்று கேட்டார்.

"உனக்குத் தொணை வேணும்னா பண்ணிக்க. நானே முன்னாடி நிக்கறேன். சமைக்க ஆள் வேணும்னு ஒரு பொண்ணக் கூட்டியாராத. அத நான் பாத்துக்கறேன்."

அவர் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அடுத்த நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கீலைக் கழற்றி, கதவைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்தார். கதவுப் பலகை இல்லாமல் போனதில் கொஞ்சம் அகலம் கிடைத்தது. விரல் முட்டிகள் நிலையில் உரச, என் நாற்காலி உள்ளே போனது.

முதல்முறை உள்ளே போனதும் நான் சமையல் மேடையைப் பார்க்கவில்லை அண்ணி. தினமும் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று பார்த்தேன். ஜன்னல். பின்வீட்டு முருங்கை. உங்கள் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த சுவிட்ச்.

மேடை என் மார்புக்கு வந்தது. அதன் மேல் அடுப்பு, அதன் மேல் பாத்திரம் என்றால் உள்ளே வேகிறது எனக்குத் தெரியாது. கீழே முழுக்கச் சுவர், முட்டி நுழைய இடம் இல்லை. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, இடித்துக் கட்டவும் முடியாது. எதிர்ச் சுவர் ஓரமாக, வீடு காலி செய்தால் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, தாழ்வான ஒரு மர மேடை. இரண்டு பக்கமும் சாமான் வைக்கக் கதவு போட்ட பெட்டிகள், நடுவில் என் கால்களுக்கு இடைவெளி. இதுதான் என் யோசனை.

தச்சர் ஒருவரைக் கூப்பிட்டோம். அளவெடுத்தார். நான் கேட்டதற்கெல்லாம் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னார். இவ்வளவு தாழ்வாகப் போட்டால் மற்றவர்கள் எப்படிச் சமைப்பார்கள், அக்காவுக்கு எதற்குச் சிரமம் என்றார். வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. இன்னொருவரைத் தேடலாம் என்றார் அண்ணன். நானே செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

ஆணி அடித்துக்கூடப் பழக்கமில்லாதவள் நான். ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எந்த ஊர்க்காரர் என்ன மொழியில் பேசினாலும் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். பிளைவுட் கடையிலேயே நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். வராந்தாவில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் மேல் பலகையைக் கிடத்தி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் பெட்டியின் உள்தட்டு உள்ளே போகவில்லை. பலகைக்கும் ஒரு கனம் உண்டு, அதைக் கழித்துத்தான் அளவு போட வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கைரம்பத்தால் ஓரத்தை அறுத்து எடுப்பதற்குள் தோள் ஓய்ந்துவிட்டது. அறுத்ததும் கோணல். இரண்டாவது பெட்டியில் மூலைமட்டம் வைத்துச் சதுரம் பார்க்காமல் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டேன். கதவு மாட்டினால் ஒரு மூலை நிலைக்கு வராமல் வாய் பிளந்து நின்றது. எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி மறுபடி மாட்டினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. சின்னப் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு டிரில்லிங் மிஷினால் ஸ்க்ரூ முடுக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்றும் அப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து வந்த யாழினி கேட் அருகிலேயே நின்றுவிட்டாள். "அத்தை, ரத்தம்" என்றாள். நைட்டி தொடையோடு ஒட்டி நனைந்திருந்தது. நீளமான ஸ்க்ரூ பலகையைத் தாண்டித் தொடைக்குள் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டு கட்டினார்கள். உணர்வில்லாத காலில் புண் ஆறுவது எவ்வளவு மெதுவென்று என்னைப் பார்த்துக்கொண்ட உங்களைவிட யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அண்ணன் டிரில்லிங் மிஷினை வயரோடு சுருட்டி அலமாரி மேல் தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். "போதும் அமுதா. நான் பெரியம்மாகிட்டப் பேசறேன்" என்றார்.

"எனக்கு வலிக்கவே இல்லண்ணா."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

கட்டு பிரிக்கும்வரை பலகைகள் வராந்தாவில் போர்வை மூடிக் கிடந்தன. யாழினி தினமும் அடுப்பின் முன் நின்றாள். அந்த நாட்களில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்து என்பீர்களா, செய் என்பீர்களா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

புண் ஆறிய வாரம் அண்ணன் ஷிப்ட் முடிந்து வரும்போது ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏதோ சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர். நிலக்கரி ஓடி ஓடி ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது. பழைய சாமான் கடையில் கேட்டு, என் மடி அகலத்துக்கு வெட்டி வாங்கியிருக்கிறார். "இத மடியில போட்டுக்க. இதுல எதுவும் எறங்காது" என்றார். மேல் தட்டிலிருந்து மிஷினையும் எடுத்துக் கொடுத்தார். அவர் குளிக்கப் போன பிறகு நான் அழுதேன்.

அதற்குப் பிறகு என் கையும் திருந்தியது, கோபமும் குறைந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும்போது வந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அடுப்பு வைக்கும் இடத்துக்குக் கடப்பாக் கல் போட்டோம். பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்துச் சேர்த்ததும் அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். நாற்காலியை நேராக உள்ளே விட்டேன். முட்டி நுழைந்தது. முழங்கையை மேடையில் ஊன்றிப் பார்த்தேன். இடது பக்கக் கதவு இன்னும் லேசாகத் தூக்கலாகத்தான் நிற்கிறது. இருக்கட்டும்.

அன்று முதன்முதலாகக் குழம்பு தாளித்தேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தே பழக்கமில்லாத எனக்கு அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கை தானாகப் போனது. எனக்கே புரியவில்லை. பிறகு உங்கள் குரல் நினைவுக்கு வந்தது. உள்ளே சமைக்கும்போது நீங்கள் வாய் ஓயாமல் பேசுவீர்களே. இப்ப கடுகு வெடிச்சிடுச்சி அமுதா, இப்ப வெங்காயம் நெறம் மாறுது, இப்ப புளித்தண்ணி ஊத்தறேன், பச்ச வாசம் போவட்டும். இத்தனை வருஷமும் அது உங்கள் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். யாழினி உள்ளே இருந்தாலும் அண்ணன் உள்ளே இருந்தாலும் அவர்களிடம் நீங்கள் அப்படிப் பேசியதே இல்லை, என் பெயரைத்தான் சொன்னீர்கள் என்பது அன்றுதான் உறைத்தது. என்னால் வர முடியாத அறையை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். எனக்காகத்தானா அண்ணி? ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

நேற்று தெவசத்துக்குப் பெரியம்மா வந்தார். கதவில்லாத சமையலறை வாசலில் நின்று மேடையை மேலும் கீழும் பார்த்தார். முட்டி வலியால் நிற்க முடியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வடைக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். வரன் பேச்சை எடுக்கவில்லை. எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஒக்காந்துக்கினே செய்யறது சொகமாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் இன்னொரு கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை. செய்தாலும் செய்யலாம். வருகிறவர் அவருக்குத் துணையாக வரட்டும்.

படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்ததும் யாழினி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பள்ளி டீமில் எடுத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சியாம். அம்மா தெவசத்தன்றா என்று பெரியம்மா கேட்டார். போய்விட்டு வரட்டும் என்று அண்ணன் சொன்னார். ரோட்டில் அவள் சைக்கிள் மணிச் சத்தம் வெகுதூரம் கேட்டது.

நன்றி என்று உங்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன். என்னைச் சுமை என்று ஒரு நாளும் உணர விடாததற்கு நன்றி. அதற்குப் பதிலாக நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். நாளைக்கு யாழினி படிக்க எந்த ஊருக்குப் போக வேண்டும் என்றாலும் போவாள். அப்பாவுக்கு யார் சமைப்பது, அத்தையை யார் பார்ப்பது என்று அவள் ஒரு நிமிஷமும் தயங்கி நிற்க நான் விடமாட்டேன். இது என் வாக்கு அண்ணி.

உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளைக்கு அத்தையாக இருக்கும்,
உங்கள் நாத்தனார்
அமுதா