மறுக்கிற வீட்டுக்காரி

அன்பு மகனுக்கு அம்மா சொல்லி, உன் தங்கச்சி எழுதுவது. என் கையெழுத்தை நானே திரும்பப் படிக்க முடியாது என்று உனக்குத் தெரியும். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு நலம். உடம்பைத் தவிர மற்றதைக் கீழே சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், அந்தக் குளிர்கிடங்குக்குள் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு தூங்குகிறேன். அப்படி இல்லையென்றால் இனிமேலாவது மூடிக்கொள்.

நீ போன பிறகு நாங்கள் வந்து சேர்ந்த இந்தப் பயிற்சி வீட்டைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய மாடிக் கட்டடம், கீழே வகுப்பும் சாப்பாட்டு அறையும், மேலே ஆளுக்கொரு அறை இல்லை, குடும்பத்துக்கு ஒரு அறை. ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே தங்கித்தான் மொழி படிக்க வேண்டும். விடிவதற்குள் வார்டன் மணியடிப்பார், உன் தங்கச்சி அவருக்கு வைத்திருக்கிற பேர் தீயணைப்பு வண்டி. ஜெபம், வகுப்பு, பாத்திரம் கழுவுவது, மறுபடியும் வகுப்பு. கதவு, வாளி, அலமாரி, உப்பு டப்பா என்று எல்லாவற்றின் மேலும் ஜப்பானிய எழுத்தில் பேர் ஒட்டியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் அந்த மொழியில்தான் பேச வேண்டும் என்று சட்டம். உப்பு டப்பா எங்களோடு படிக்கிற பல் டாக்டர் பக்கத்தில் இருக்கும், எனக்குக் கேட்கத் தெரியாது, ஒரு வாரம் உப்பில்லாமலே சாப்பிட்டேன். உங்கப்பா மேலே வந்து, கல்யாணமான நாள்லேர்ந்து கேட்ட வரம் இப்பத்தான் கெடச்சிருக்கு, அரை மணி நேரம் உன் வாய் மூடியிருக்கு என்றார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. வகுப்பில் குதிகால் மேல் உட்காரவும் பழக்குகிறார்கள். தையல் மெஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி எனக்கு, எழுந்திருக்க பல் டாக்டர் மனைவி கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாள்.

உங்கப்பா நடிக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதே. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ரிப்பேர் பார்க்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனமாகப் படிக்கிறார். உள்ளங்கையில் வார்த்தையை எழுதிக்கொண்டு குளிக்கப் போகிறார், அது அழிவதற்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டுமாம். மனுஷன் முழு மனசோடுதான் இருக்கிறார். அதுதான் எனக்குக் கஷ்டம், பாதி மனசோடு இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

உன் தங்கச்சியை இங்கே எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. கொஞ்ச நாள்தானே, போற இடத்துல சேத்துக்கலாம் என்றார் உங்கப்பா. கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போகிறது. காய் நறுக்குகிறாள், எல்லோர் துணியையும் காயப் போடுகிறாள், வார்டன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். அவள் வயசுப் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு தெருவில் போகிற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் வருவதில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். இதைச் சொல்லும்போது பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது என்றேன், எழுதுகிறாள். அப்பா வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, சபைக்காரர்கள் உட்கார்ந்திருந்த முன்னறையில், ஜப்பான்காரனக் காப்பாத்துறது இருக்கட்டும், முதல்ல உங்க பொண்ணு படிப்பக் காப்பாத்துங்க என்று நீ கேட்டாய். இனிமே உங்க சாமி இருக்கிற திசையில தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன் என்றும் சொன்னாய். அது வேண்டாத பேச்சு, முதலில் சொன்னது வேண்டிய பேச்சு. அவர் உன் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். எறியவில்லை, இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்தார். எறிந்திருந்தால் ஏதோ கோபம் என்று விட்டிருப்பேன்.

இங்கே சாயங்காலம் வாசல் பாடம் என்று ஒன்று நடக்கும். வகுப்பறைக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்று தட்ட வேண்டும், உள்ளே ஒருவர் ஜப்பானில் இருக்கிற வீட்டுக்காரர் மாதிரி திறக்க வேண்டும். தட்டுகிறவர் குனிந்து கும்பிட்டு, தான் யார், எங்கிருந்து வந்தவர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்லி, ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்கிற சாட்சியைச் சொல்ல வேண்டும். முக்கால்வாசி வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்களாம், அதனால் சாத்தின கதவைப் பார்த்தும் குனிந்து நன்றி சொல்லிப் பழக வேண்டுமாம். எனக்கு எப்போதும் மறுக்கிற வீட்டுக்காரி வேஷம்தான். உள்ளே கூப்பிடுகிற வீட்டுக்காரிக்கு நிறைய வார்த்தை தெரிய வேண்டும், மறுக்கிறவளுக்கு நன்றி, வேண்டாம், இரண்டு போதும். பல் டாக்டர் மனைவி, அக்கா, நீங்க சாத்துற சாத்துல எனக்கு வந்த வேலையே மறந்துபோச்சு என்பாள். கதவைச் சாத்தினால் பல் டாக்டருக்கு முகம் சிவந்துவிடும். உங்கப்பாதான் நன்றாகக் குனிவார் என்று ஜப்பான் டீச்சரே சொல்லியிருக்கிறார்.

தெரிந்த வார்த்தைகளில் மட்டும் சாட்சியை அமைக்கச் சொன்னார் டீச்சர். அதனால் நம் வீட்டுக் கதை ரொம்பச் சின்னதாகிவிட்டது. நான் கோபக்காரனாக இருந்தேன், மனைவி அழுதாள், இப்போது அழுவதில்லை, எங்களுக்கு ஒரு மகள். இவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது மகன் என்பதற்கு வார்த்தை தெரியாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மகள் தெரிந்தவருக்கு மகன் தெரியாதா. மேலே போய்க் கேட்டேன். ஒரு பையன் இருக்கான்னா எங்க இருக்கான், எந்தச் சபைக்குப் போறான்னு கமிட்டியில கேப்பாங்க, சொந்த வீட்ட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன இன்னொரு நாட்டுக்கு எப்படி அனுப்புறதும்பாங்க, என்ன சொல்லச் சொல்ற என்றார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். அந்த அளவுக்கு எனக்கு ஜப்பான் மொழி வரல என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் அவர் தினமும் ஒரு மகள் என்றார், நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வந்து படுத்தால் உன் முகம்தான். காய்ச்சலில் கிடந்தபோது நீ என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே தூங்குவாய், அந்த விரல் இங்கே யாருடையது என்று யோசிப்பேன்.

போன வாரம் யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்கிற கமிட்டி வந்தது. வகுப்பறையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு, உள்ளே கூப்பிடுகிற வீட்டுக்காரி. அப்படியா, உள்ளே வாருங்கள் என்று சொல்ல உன் தங்கச்சிதான் சொல்லிக் கொடுத்தாள், நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன். உங்கப்பா தட்டினார், திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். குனிந்தார், பேர் சொன்னார். குடும்பத்தைப் பற்றி நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். மனைவியும் ஒரு மகளும் என்றார், என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். உள்ளே வாருங்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நன்றி, வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், வீட்டுக்காரி திடீரென்று மனசு மாறின மாதிரி நடித்தேன் என்று டீச்சர் கைதட்டினார். கதவில் இருக்கிற மங்கல் கண்ணாடியில் உங்கப்பா அந்தப் பக்கம் குனிவது நிழலாகத் தெரிந்தது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

கமிட்டியில் வயசானவர் ஒருவர், ஏம்மா சாத்திட்டீங்க, நல்லாத்தானே பேசினார் என்று நம் மொழியில் கேட்டார். அவரும் சிரிப்பதற்காகத்தான் கேட்டார். பொய் சொல்றவர எப்படி உள்ள விடுறது, எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. உன் தங்கச்சி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நீ சொல்லு பாப்பா, நீங்க எத்தனை பேரு என்று அவர் கேட்டார். இவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டாள். இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது பல் டாக்டர் குடும்பத்துக்கு உத்தரவு கிடைத்துவிட்டது, எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போகிற இடத்தில் படிப்பு என்று சொல்லி வைத்திருந்தோமே, அதுவும் இதோடு நிற்கிறது. உங்கப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார். ஒரு பையனுக்காக ஒரு தேசத்தையே விட்டுட்டியே என்றார். நான் பெத்தது பையனத்தான், தேசத்த இல்ல என்றேன். அதோடு சரி. சாப்பாட்டு மேஜையில் உப்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டிக்காரர் உனக்குப் போன் செய்யப் போகிறார். என்ன நடந்தது, அப்பாவுக்கும் உனக்கும் என்ன என்று கேட்பார். நீ சொல்வதைக் கேட்டுத்தான் எங்களை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவாம். செருப்பு விஷயத்தைச் சொன்னால் உங்கப்பா இத்தனை நாள் படித்தது அவ்வளவும் தண்ணீரில் போனது மாதிரி. ஒன்றுமில்லை என்று மழுப்பினால் நாங்கள் கிளம்பிவிடுவோம், உன்னைப் பார்ப்பது இன்னும் தள்ளிப்போகும். இரண்டில் எதையும் நான் உன்னைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்காக, சபைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதே, இந்த வீட்டில் ஒரு பொய்யே போதும். தங்கச்சி படிப்பைப் பற்றிச் சொல்ல உனக்கு வாய் இருக்கிறது, எனக்கு அன்றைக்கு இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் உங்கப்பா வெளியே வராந்தாவில் தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறார். சாத்தியிருக்கிற எங்கள் அறைக் கதவுதான் அவருக்கு வீடு. பேர் சொல்கிறார், மனைவி என்கிறார். அதற்கு மேல் ஒரு மகள் என்றும் வரவில்லை, இரண்டு பிள்ளைகள் என்றும் வரவில்லை. அங்கே நின்றுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தட்டுகிறார். நான் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது என்று எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும், நீ அவரோடு இல்லாவிட்டாலும் அவர் இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், போனை அணைத்து வைக்காதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போனில் கமிட்டிக்காரர் முதலில் உன் குடும்பத்தில் யார் யார் என்றுதான் கேட்பார். அம்மா, தங்கச்சி என்று சொல்லி நிறுத்திவிடாதே. உங்கப்பா உன்னை விட்டுவிட்டுச் சொன்ன மாதிரி நீயும் அவரை விட்டுவிட்டுச் சொன்னால், நான் யார் முகத்தில் கதவைச் சாத்துவது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளைப் பெற்ற உன் அம்மா

(அண்ணா, அம்மா சொன்னதில் எதையும் நான் விடவில்லை. தங்கச்சி.)