வருடத்துக்கு ஏழு நாள்

கல்மண்டபம்
6-3-2024

அன்புள்ள சாவியோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் கையெழுத்துப் போட்டு நீ வாங்கிய கொடைக்கானல் அறை ஏமாற்று வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அதே கும்பலிடம் நானும் ஏமாந்தேன். ஏமாந்ததை வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை.

போனில் சொன்னால் கத்திவிட்டு வைத்துவிடுவாய். அதனால் இதை உன் ஊர்ப்பக்கம் சரக்கு ஏற்றிவரும் நம் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உன் வீட்டம்மா ஷெர்லின் கடைக்கு வந்து, "அண்ணே, வருசத்துக்கு ஏழு நாளு தங்கலாம், இருபத்தஞ்சு வருசம்! நீங்க வாங்கின அதே ரூமுதான்" என்று சிரித்தாள். மகள் கிறிஸ்டினா கல்யாணத்துக்கு வைத்திருந்த மூன்று லட்சம் அது என்று அதற்கப்புறம்தான் சொன்னாள்.

நான் விழுந்த கதையைக் கேள். டிபன் போட்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். எழுந்தபோது டை கட்டிய ஆள், "பாய், காலைலேர்ந்து போணியே ஆகல" என்றான். நானும் கடை வைத்திருப்பவன். ஒருத்தனுடைய முதல் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டு வர மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பெருநாளுக்குக் கேட்டால் அறை இல்லை. மே மாதம் இல்லை. அடைமழையில் மட்டும் உண்டு. போகாத வருடத்துக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் ஏறிக்கொண்டே போகும். போன மாதம் வேறொருவன், "உங்க ரூமை வித்துத் தரோம், மொதல்ல நாப்பதாயிரம் கட்டுங்க" என்றான். அவனும் திருடன்தான்.

உன் பத்திரத்தில் பதினான்காம் பக்கம், பொடி எழுத்தைப் பார். பத்து நாளுக்குள் எழுதிக்கொடுத்தால் ரத்து. எனக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. உனக்கு ஏழு நாள் மிச்சம். ரத்துக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பு. "ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். போகாதே. பேசியே மிச்ச நாளையும் ஓட்டிவிடுவார்கள்.

உன்
பக்ருதீன்

எண்ணூர்
20-4-2024

அன்பு மாமு,

பணம் வந்துவிட்டது. பத்தாயிரம் பிடித்துக்கொண்டான், போகட்டும்.

உன் கடிதம் படித்து முதலில் ஆத்திரம்தான் வந்தது. "பாய்க்குப் பொறாமை" என்றேன். ஷெர்லின்தான் கண்ணாடி போட்டுப் பதினான்காம் பக்கத்தைப் படித்தாள். நாலு தடவை ஆபீசுக்குக் கூப்பிட்டான், போகவில்லை.

கல்யாணம் மே இருபத்திரண்டு. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். சாக்குச் சொன்னால் வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்த ஆள் ஓட்டலுக்கு வரச்சொல்லி முதல் தடவை போன் பண்ணியபோதே, "பக்ருதீன் பாய் சொன்னாரு" என்றான். உன் பெயரை நம்பித்தான் போனேன். "அண்ணனே நம்பர் குடுத்திருப்பாரோ?" என்கிறாள் ஷெர்லின். "இன்னாடி பேசற? அவன் என் தோஸ்து" என்று அதட்டினேன். ஒரு வரி எழுதிப் போடு, அவள் வாயை அடைக்கிறேன்.

அன்புடன்
சாவியோ

கல்மண்டபம்
23-4-2024

சாவியோ,

ஷெர்லின் கேட்டது சரி. நான்தான் கொடுத்தேன்.

பிப்ரவரியில் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாது என்று சண்டை போடப் போனேன். "ஒரு பேரு குடுங்க பாய், அவரு வாங்கினா உங்க கட்டணத்துல கழிச்சிக்கிறோம்" என்றான். ஏமாற்று என்று தெரிந்துதான் கொடுத்தேன். நீ வாங்கமாட்டாய், டிபனைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷெர்லின் வந்து நின்ற பிறகுதான் தூக்கம் போனது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ மீதியைப் படிக்கமாட்டாய் என்று பயந்தேன்.

இதை அவளுக்கும் காட்டு. கல்யாணத்துக்கு நான் வரலாமா என்பதை இரண்டு பேரும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்கிறேன்.

எவ்வளவுக்கு என்று கேட்பாய். உன் பெயருக்கு அவர்கள் எனக்குக் கழித்தது ஐயாயிரம் ரூபாய்.

பக்ருதீன்