நீ சொன்ன செக்கிங்

மகனின் புதுப் பனியனைத் துவைக்க எடுத்தபோது உள்பக்கத் தையலில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பழுதைக் காட்ட யாரோ ஒட்டி, பிரிக்க மறந்திருக்கிறார்கள். நீ ஒட்டுவது இதைவிட நேராக இருக்கும். வேலையைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பனியன் கம்பெனியில் என் பொறுப்பிலிருந்த, பழுது பார்க்கும் செக்கிங் மேசைக்கு நீ வந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. ஊர் கேட்டால் வெள்ளகோவில் என்பாய். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' சேர்த்து, வீட்டை ஊடு என்று சொல்லப் பழகியிருந்தாய். ஆனாலும் அவசரத்தில் 'ஆமா'வுக்குப் பதில் 'ஓம்' வந்துவிடும். ஒரு மதியம் சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். வீடு அகதி முகாமில், வேலைக்காகக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பதாகச் சொன்னாய். இலங்கையிலிருந்து வரும்போது படகுக்காரன் மணல் திட்டுக்கு முன்பே கழுத்தளவுத் தண்ணீரில் உங்களை இறக்கிவிட்டானாம். ஒரு கையில் தம்பி, மறு கையில் சான்றிதழ்கள் இருந்த பை. தடுமாறிய அம்மாவைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

"பையைத்தான் விட்டன் அக்கா. இப்ப அந்தக் கடல்ல மீனெல்லாம் பரீட்சை பாஸ்."

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய். நான் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது காப்பாற்றினேன்.

ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் என் முன்னால் வந்து நின்றாய். "நாளைக்கு லீவு வேணுங்க அக்கா. செக்கிங் இருக்குதுங்க."

"உனக்குத் தெனமும் செக்கிங்தான கண்ணு? நாளைக்கு என்ன, மாலை போட்டு மரியாதை பண்றாங்களா?"

மேசையே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் நகரவில்லை.

"கட்டாயம் போகோணுங்க."

"பெட்டி போகோணும். நாளான்னிக்குப் போய்க்க."

முகாமில் ஆட்களை எண்ணிச் சரிபார்ப்பதற்கும் செக்கிங் என்றுதான் பெயர் என்பது அன்று எனக்குத் தெரியாது. இப்படி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னது வேறு ஏதோ என்று புரிந்தது. அத்தனை பேர் முன்னால் உன்னால் விளக்க முடியாது என்பதும் புரிந்தது. தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் லீவு கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் முழுதும் மேசையில் நின்று வேலை பார்த்தாய். அடுத்த வாரம், "கேம்ப்ல என்ர பேரை வெட்டிட்டாங்க அக்கா" என்றாய். குரலில் கோபமே இல்லை. செக்கிங்கில் ஆள் இல்லையென்றால் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். பெயர் இல்லாதவள் அம்மாவோடும் தம்பியோடும் முகாம் அறையில் தங்க முடியாது. மனுவை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தாய். பிறகு, "நான் போய்ச் சேந்தால் அம்மாவையளையும் கூப்பிடலாம்" என்று சொல்லி வெளிநாடு போகும் படகு ஒன்றில் ஏறினாய். அந்தப் படகு எந்தக் கரைக்கும் வரவில்லை.

உன் நோட்டில் என் நம்பரைப் பார்த்து உன் அம்மா போனில் பேசினார்.

"அவள் எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பாள். செக்கிங் அண்டைக்கு நீங்கள் லீவு குடுத்தும் பஸ்ஸை விட்டிட்டாளாம். ஒரு பஸ்ஸைப் பிடிக்கத் தெரியேல்லையே தங்கச்சி அவளுக்கு."

வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருந்திருக்கிறாய். அந்த நிமிடமே நான் மறுத்திருக்க வேண்டும்.

"விடுங்கம்மா, சின்னப் பொண்ணுதானுங்களே" என்றேன். தப்பு உன்னுடையது போலவும், நான் அதைப் பெரிதுபடுத்தாதவள் போலவும்.

உன் அம்மா இன்றும் உன்னைத்தான் நொந்துகொள்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டு என் பிள்ளைகளை விசாரிக்கிறார். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனை எடுக்கிறேன். இந்தப் பொங்கலுக்கும், "எல்லாரும் சௌக்கியமுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.