கண்ணாடி அலமாரியில் டீத்தண்ணீர்

அன்பு மகனுக்கு,

எப்போதும் நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை, நீயாவது சுகமாக இரு. பதறாதே, தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறாள், இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனில் பேசினால் அப்பா காதிலும் விழும், அவள் காதிலும் விழும், அதோடு நான் கத்திவிடுவேன். எழுதும்போது கத்த முடியாது பார்.

நீ நண்பன் கையில் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பிய விஸ்கி பாட்டிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா குடிக்கிற ஆள் இல்லை, ஆனாலும் பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று ஹாலில் கண்ணாடி அலமாரியில், நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பூட்டு கிடையாது, வீட்டில் பதினைந்து வயதுப் பெண் இருக்கிறாள், இது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. போன மாதம் உன் மாமா வந்தபோது அப்பா பெருமையாகப் பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, “டீத்தண்ணி மாப்ளே, சர்க்கரை போட மறந்துட்டீங்க” என்றார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது, உடனே உன்னைக் கூப்பிட்டு, எவனோ உன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், இப்படி ஏமாளியாக இருக்கிறாயே என்று திட்டினார். நீயும் ஆமாப்பா, கடைக்காரன் ஏமாத்திட்டான் போல என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

பாட்டிலைக் கழுவும்போது அடியில் தேயிலைத் தூள் படிந்திருந்தது, நாம் வாங்குகிற அதே பொடித் தூள். எங்கேயோ இருக்கிற கடைக்காரன் நம் வீட்டு டப்பாவிலிருந்தா எடுத்துப் போட்டிருப்பான்? எனக்கு அப்பா மேல்தான் சந்தேகம் வந்தது, திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு டீத்தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறீர்கள் என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். மனுஷன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்தோமே தவிர அந்த வாண்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது போக மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பள்ளிப் பைக்குள் வைத்திருந்தாள்.

போன சனிக்கிழமை மதியம், எங்கே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், கூடப் படிக்கிற பெண்ணின் வீட்டில் வைத்து அத்தனையையும் ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்திருக்கிறாள். குடித்த கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்துவிட்டாள். அந்தப் பெண் பாவம், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று மல்லாக்கப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அவளுடைய அப்பா மருந்துக்கடைக்காரர், சாப்பிட வந்தவர் பார்த்ததால் தப்பித்தோம். உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை ஒருக்களித்துத் திருப்பிப் போட்டதும்தான் வாந்தி வெளியே வந்ததாம், இல்லாவிட்டால் அது மூச்சை அடைத்திருக்கும். நான் சலவைக் கடையில் யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியும் கையுமாக ஓடினேன். பெரியவர்கள் தாங்குகிற அளவை இந்த வயது உடம்பு தாங்காது, சர்க்கரை இறங்கிவிடும், மூச்சு மெதுவாகிவிடும், மூளை இன்னும் வளர்கிற வயது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், “தூங்கட்டும்னு விட்டிருந்தா எழுந்திருச்சே இருக்க மாட்டா” என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அதிகாரி அலமாரியைப் பார்த்தார், சட்டம் சொல்கிற வயது வராத பிள்ளைக்குக் கொடுப்பதும் தப்பு, கை எட்டுகிற இடத்தில் வைப்பதும் தப்பு என்றார். பாட்டில் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று சொல்லிவிட்டு அப்பா தலை குனிந்து நின்றார். ஒரு நாள் வயது குறைந்தாலும் எவனையும் ஸ்டீரிங்கைத் தொட விடாத மனுஷன் அவர். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்வார்களாம், போட்டால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள். இவ்வளவு வருஷமாக நம் வீட்டு அடுப்பு எரிந்தது அதில்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. நேற்று அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே அழுதுகொண்டு சொன்னாள். டீத்தண்ணீர் என்றதுமே அது அவள் வேலைதான் என்று உனக்குப் புரிந்துவிட்டதாம், மாமா வந்துபோன அன்றைக்கே நீ அவளைப் போனில் தனியாகக் கூப்பிட்டாயாம். “நான் ஏமாந்ததாவே இருந்துட்டுப் போறேன், இனிமே செய்யாதே” என்றாயாம். அந்த வயசுச் சட்டமெல்லாம் கடைக்காரனுக்குத்தான், உன் வயசில் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தவன்தான் என்று சிரித்தாயாம். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். நீ பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா, சின்னதில் அவள் ஜன்னலை உடைத்தபோதும் நான்தான் உடைத்தேன் என்று நின்றவன் நீ. அது கண்ணாடிடா, உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவள் பையைத் துழாவியிருப்பேன். எனக்கு உன் மேல் கோபம், ரொம்பக் கோபம், அதை மறைக்கப் போவதில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. வீட்டில் நடந்ததற்கு உன்னை ஏமாளி என்று திட்டிவிட்டாராம், பாவம் புள்ளை, செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கினான் என்று எல்லோரிடமும் சொல்லி மாய்ந்துபோகிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார். சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார், என்னால் பார்க்க முடியவில்லை.

லீவில் வரும்போது யாருக்கும் எதுவும் வாங்கி வராதே, நீ வந்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீயும் தங்கச்சியும் ஒருத்தருக்கொருத்தர் துணையாக நூறு வயசு இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. தங்கச்சியிடம் அன்றைக்கு அண்ணன் சொன்னது தப்பு என்று உன் வாயாலேயே சொல். ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாதான் எடுப்பார், அவர் வாயைத் திறப்பதற்குள் நீ உண்மையைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா