பளபளப்பில்லாத துப்பாக்கி

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? வயோமிங் குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஆடுகள் குட்டி போடும் சமயம் என்பதால், குட்டிகளைக் காக்கச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டேன். கையிலிருந்த பணத்துக்குப் ஒவ்வொரு முறையும் தோட்டா போட வேண்டிய புதிய ஒற்றைக்குழல் துப்பாக்கியோ, முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் பழைய பம்ப் துப்பாக்கியோதான் கிடைத்தது. கடைக்காரி வெல்டா இரண்டையும் என் தோளில் வைத்துப் பார்த்தாள். "பளபளப்பைப் பாக்காதம்மா. ஒண்ணு தவறினா அடுத்தது உடனே வரணும்," என்றாள். பழையதையே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில், மூடுபனிக்குள் ஒரு பெரிய நாய் பட்டியில் புகுந்து மூன்று குட்டிகளின் குரல்வளையைக் கிழித்துவிட்டது. நான் கத்தியதும் ரத்த வெறியில் என்மேல் பாய்ந்தது. முதல் வெடி மண்ணில் போனது. அது என் கெண்டைக்காலைக் கவ்வி உலுக்கியபோது, குழலை அதன் நெஞ்சில் வைத்துச் சுட்டேன். காலில் சில தையல்கள்தான், பயப்படாதீர்கள்.

பனிக்குள் குனிந்து கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அது பக்கத்துப் பண்ணை ஆர்வில்லின் நாய் என்று தெரிந்தது. அதன் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். அவர் குனிந்து அதன் காதைத் தடவினார்.

"நீ செஞ்சது சரிதான், லொரெட்டா. ஆனா இப்ப கெளம்பிடும்மா."

இதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் சாப்பிட்டு வந்தேன். அம்மாவிடம் சோள ரொட்டிப் பக்குவம் கேட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் அளவு போட்டு அனுப்புங்கள். தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
லொரெட்டா