மெட்டியோடு உள்ளே அனுப்பியவன்

அன்புள்ள கருப்பம்மாளுக்கு,

நம் மகள் காலைச் சுட்ட தீயைவிட, பட்டாசுக் கம்பெனிக்காரன் எழுதியிருப்பதுதான் பெரிய அநியாயம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சூரத்தில் வாட்ச்மேன் வேலையில் நான் சுகம். சப்பாத்தி பழகிவிட்டது.

மாப்பிள்ளை பாலகுரு போனில் வாசித்த காகிதத்தில் ‘வில்ஃபுல்’ என்று ஒரு வார்த்தை. அகராதியில் பார்த்தேன். கூடாதென்று தெரிந்தும் வேண்டுமென்றே செய்வது. மாரிசெல்வி மெட்டியோடு வெடிமருந்து அறைக்குள் போய், அது தரையில் உரசித் தீப்பிடித்ததை அப்படி எழுதியிருக்கிறான். ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கிடையாது.

வாசலில் அவள் கழட்டக் குனிந்தபோது, “புதுப்பொண்ணு மெட்டியக் கழட்டக் கூடாது தாயி. சீசன் நேரம், வெரசா உள்ள போ” என்றவன் போர்மேன். வேண்டுமென்றே செய்தவன் அவன்தான்.

கேட்டில் லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தில் மாரிசெல்வி கையெழுத்துப் போடக் கூடாது. பாலகுரு அவளைத் தொழிலாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போக வேண்டும். போர்மேன் சொன்னதைக் கேட்ட பெண்கள் அங்கே வந்து சொல்ல வேண்டும். நீ எனக்குக் கொஞ்சம் சாத்தூர் சேவு அனுப்பு; இங்கே பேச்சுத்துணைக்கு அதுவாவது இருக்கட்டும். மறுபடி வேலைக்குப் போகையில் மெட்டியை அவள் வீட்டிலேயே கழட்டி வைக்க வேண்டும். ஆகாதது ஏதும் வருமென்றால், சொன்ன எனக்கு வரட்டும்.

கண்ணுச்சாமி