மரத்திலிருந்து வந்த ஒரு "சரி"

தில்லையடி,
புத்தளம்.
வியாழக்கிழமை

அன்புள்ள மருமகன் ஸியாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாருக்குப் போகிற அன்று, செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "லொறிய இங்க வச்சிட்டுப் போனா உங்களுக்குக் கரைச்சலா மாமி?" என்றீர்கள். முற்றத்தில் ஒரு மூலையில் நிற்கப்போகிறது, அதில் என்ன தொந்தரவு என்று நினைத்து, இல்லை என்றேன். இப்போது அந்தக் கேள்விக்கு முழு விடை எழுதுகிறேன். போன் கோலில் சொல்லத் தொடங்கினால், "சரி மாமி, வேலையில நிக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதை எழுதி, மகள் நிஸ்ரினைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன்.

நானும் நிஸ்ரினும் பிள்ளையும் சுகம். அமானிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாப்பாவின் பெயர் என்னவென்று கேட்டால் "தியாத்" என்கிறாள்.

சுகமில்லாதது லொறிதான். எத்தாளையில் பெட்டரி இறங்கி, நீங்கள் விட்டுப்போன மரம் வெட்டும் வேலைக்குப் போனவர்கள் நடுவெயிலில் லொறி தள்ளினார்கள். அடுத்து ரேடியேட்டர் ஒழுகியது. உங்கள் தம்பி அஸாம் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து ஓட்டையை அடைத்தார். லொறி நுரை கக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. இதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது ஹேண்ட் பிரேக்கைப் பற்றி.

மெக்கானிக் முத்தலிபு பாஸ் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கேபிள் மாற்ற வேண்டும், லொறியை கராஜில் விட்டுப் போங்கள் என்றுதான் முதலில் சொன்னார். அதற்குள் உங்கள் வொய்ஸ் மெசேஜ் வந்தது: "இப்போதைக்குச் சரிப்படுத்திக் குடுங்க பாஸ், வேலை நிக்கக் கூடாது." அவரும் எதையோ முறுக்கி, இரண்டு தட்டுத் தட்டி, "சரி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "சரி என்டா என்ன பாஸ்? புடிக்குமா, புடிக்காதா?" என்று கேட்டேன். "மேடு பள்ளம் இல்லாத இடத்துல புடிக்கும் டீச்சர்" என்றார். அப்படிப்பட்ட இடத்தில் பிரேக் இல்லாமலே நிற்குமே என்றேன். சிரித்தார்.

இந்தச் "சரி"யோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. வகுப்பில் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டி, விளங்கியதா என்று கேட்டால், முழு வகுப்பும் "சரி டீச்சர்" என்னும். கொப்பியைத் திறந்தால் ஒரு கணக்கும் சரியாக இராது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. "உங்கள் குரல் கேட்டது" என்பதற்கும் "சரி"தான், "போதும், நிறுத்துங்கள்" என்பதற்கும் "சரி"தான். கேட்கிற நாம்தான் நமக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம்.

தலவிலயில் நடந்ததும் அதுதான். யூஜீனியா என்னோடு படிப்பித்தவர். அன்னம்மாள் திருநாளுக்கு வருகிறவர்கள் அவர் வீட்டில்தான் தங்குவார்கள். குசினிக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிற வேம்பை அதற்கு முன் வெட்டித் தரும்படி கேட்டிருந்தார். அவரைக் காண நானும் போனேன். அஸாம் மேலே ஏறி, கொப்பில் கயிறு கட்டினார். மறுமுனை லொறியின் பின் கொக்கியில். அஸாம் அறுத்துவிட்டு விலகிக்கொள்ள, சாரதி கிங்ஸ்லி லொறியை முன்னே எடுப்பார், கொப்பு கூரையில் படாமல் வெறும் நிலத்தின் பக்கமாக விழும். முன்பெல்லாம் கிங்ஸ்லி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கி வந்து, அண்ணாந்து பார்த்து, அஸாம் விலகியதைக் கண்ட பிறகுதான் திரும்பப் போய் ஏறுவார். இப்போதோ அந்தச் சரிவில் இறங்கினால் லொறி பின்னால் உருளும். ஆகவே பிரேக்கில் காலை வைத்தபடி, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதால் மட்டும் வேலை செய்கிறார். "சரி" கேட்டால் எடுக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய ஒழுங்கு.

அஸாம் பாதி அறுத்துக்கொண்டிருந்தபோது யூஜீனியா குசினி வாசலில் நின்று, "தம்பி, பிளேன்டீக்குச் சீனி போடவா?" என்று கூப்பிட்டுக் கேட்டார். "ஓம் டீச்சர், சரி, சரி!" என்று மேலிருந்து பதில் வந்தது.

லொறி கிளம்பிவிட்டது.

பாதி அறுத்த கொப்பு பட்டையோடு கிழிந்து சுழன்று குசினி ஓட்டில் விழுந்தது. அஸாம் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் இறுகிய கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே அவருடைய இடது கை அகப்பட்டது. கிங்ஸ்லி ஓடிவந்து அழாக் குறையாக, "சரி கேட்டிச்சி டீச்சர், எடுத்தேன். எனக்கு முதுகுல கண் இருக்கா?" என்றார். அவரை என்ன சொல்வது?

எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கையை ஆறவிட வேண்டும், மரம் ஏறவே கூடாது என்றும் சொன்னார்கள். இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. விரல்களை மடக்கிக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. நேற்றுச் சோற்றுப் பீங்கானை அந்தக் கையில் வாங்கி, நழுவவிட்டார். இது உங்களுக்குத் தெரியாது. அண்ணன் நீங்கள் கேட்டபோது "ஒண்டுமில்ல நானா, கொஞ்சம் ஓடு உடஞ்சிட்டு" என்றாராம். திருநாளுக்கு முன் முடித்துக் கொடு, இல்லாவிட்டால் பேர் கெட்டுப்போகும் என்று நீங்கள் சொன்னீர்களாம். அதனால் சனிக்கிழமை அதே கையோடு, அதே லொறியோடு, மீதிக் கொப்புகளுக்கு ஏறப் போகிறார். யூஜீனியாவே வேண்டாம் என்கிறார், வருகிறவர்களை முன்னறையில் படுக்கவைக்கிறேன் என்கிறார். நிஸ்ரினும் நானும் சொல்லிக் களைத்துவிட்டோம். "நானா ஏறாத எண்டு சொல்லல்லயே மாமி" என்பதுதான் அவருடைய ஒரே பதில்.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் "சரி" என்றேன். எந்தச் சரி என்று அவர் கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அங்கே வெயிலில் நின்று வேலை செய்கிறீர்கள், எல்லாம் நமக்காகத்தான் என்பதும் தெரியும். உங்கள் உம்மா மௌத்தாகி உங்களை விட்டுப் போனபோது அஸாம் உங்கள் இடுப்பளவு உயரம். அன்றிலிருந்து நீங்கள் காட்டிய இடத்தில்தான் அவர் நிற்கிறார். அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் குறையாமல் வைத்திருக்கட்டும்.

இதை வாசித்து முடித்தவுடன் தம்பிக்கு வீடியோ கோல் எடுங்கள். லொறியைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். இடது கையை மூடித் திறந்து காட்டச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டே, சனிக்கிழமை ஏறு என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மாமி,
உம்மு குல்தூம்